வெயில் கட்டிலும் பத்துச் சூரியனும்

வெயில் கட்டில் பழுதாகிவிட்டது என்று போன் எடுக்கிறவர் பெரும்பாலும் ஒரு துவாயைக் கட்டிக்கொண்டுதான் நிற்பார் என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். அதனால் கேள்விகளைச் சுருக்கமாய்க் கேட்க வேண்டும். மெல்பேண் குளிரில் நாங்கள் இழுத்து இழுத்துக் கதைத்தால் அவருக்குப் பல்லுக் கிட்டத் தொடங்கிவிடும். பிறகு அவர் சொல்வது எதுவும் விளங்காது.

வெயில் கட்டில் என்பது நான் வைத்த பெயர். இங்கே சன்பெட் என்பார்கள். ஆளைப் படுக்க வைத்து மூடியைச் சாத்தினால், மேலும் கீழும் நீல டியூப் லைட்டுகள் எரிந்து, கடற்கரையில் காய்ந்த நிறத்தை உடம்புக்குக் கொடுக்கும் மெஷின். கடை வைத்து இந்தத் தொழில் செய்யக் கூடாது என்று அரசாங்கம் தடுத்த பிறகு, கடைகளில் இருந்த கட்டில்கள் எல்லாம் வீட்டுக் கராஜுகளுக்குள் போய்ப் புகுந்துகொண்டன. இப்போது அவற்றுக்கு வயதாகி ஒவ்வொன்றாய் நோய் வருத்தம் வருகிறது. அது என்ன வருத்தம் என்று போனிலேயே கண்டுபிடிப்பதுதான் என் வேலை. எங்கள் ஆட்களிடம் இதைச் சொன்னால் எல்லாரும் ஒரே பகிடியைத்தான் விடுகிறார்கள். அது என்ன பகிடி என்று உங்களுக்கே தெரியும், நான் எழுதி மினக்கெடவில்லை.

டண்டினொங்கில் ஒரு சின்ன ரிப்பேர் கடை. முதலாளி ட்ரேசி. வீடுகளுக்குப் போய்த் திருத்துகிறவர் செல்வம். ஈப்போவில் பிறந்து, படிக்க வந்து, லைசென்ஸ் எடுத்த எலக்ட்ரீசியனாய் இங்கேயே தங்கிவிட்ட மலேசியத் தமிழர். நான் போனடியில். ட்ரேசி என்னை மூன்று மாதம் பரீட்சித்துப் பார்க்கத்தான் எடுத்தார். விதி ஒன்றே ஒன்று. நான் அனுப்பி, செல்வம் போய், கட்டிலில் பழுது ஒன்றும் இல்லாமல் திரும்பி வந்தால் அது வீண் பயணம். ஒவ்வொரு வீண் பயணத்துக்கும் சுவரிலுள்ள வெள்ளைப் பலகையில் ட்ரேசி ஒரு சின்னச் சூரியன் கீறுவார். மூன்று மாதம் முடிய முன்னம் பத்துச் சூரியன் சேர்ந்தால், எனக்குப் பதிலாக "ஒன்றை அழுத்துங்கள், இரண்டை அழுத்துங்கள்" என்கிற பதிவுக் குரல் வந்துவிடும்.

அது வந்தால் நான் சிட்னிக்குப் போக வேண்டும். மகள் ஆரணி செவன் ஹில்ஸில் தன் வீட்டுப் பின்வளவுக்குள் எனக்கென்று ஒரு சின்ன வீடு கட்டி, திரைச்சீலை தைத்து, சாமித் தட்டும் அடித்து வைத்திருக்கிறாள். மகளில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் இந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் கோழித் தொழிற்சாலையிலும் ஒபிஸ் துப்புரவிலும் நின்றபடியே வேலை செய்தவள் நான். இருந்து செய்கிற முதல் வேலை இது. சில்லுப் பூட்டின, சுழல்கிற கதிரை. ஒருவரும் பார்க்காத நேரம் ஒரு சுற்றுச் சுற்றுவேன். ஐம்பத்தொன்பது வயதில் அப்படி ஒரு கதிரை கிடைத்தவர்களுக்கும், போனில் கேள்வி கேட்டுப் பிழைக்கிற என் இனத்தவர்களுக்கும்தான் என் நெஞ்சிடி விளங்கும். மற்றவர்கள் இங்கிலீசில் சொன்னதை என் காதில் விழுந்த தமிழில் எழுதுகிறேன், ஒரு சொல் கூட்டவில்லை.

அதிபரிடம் கேட்கக் கூடாத கேள்வி

என் மேசையில் ட்ரேசி ஒட்டிய கேள்விப் பட்டியலில் முதலாவது, "பிளக் போட்டிருக்கா?" முதல் கிழமையே ஃபிராங்க்ஸ்டனில் இருந்து ஒரு பெரியவர் எடுத்தார். தான் ஓய்வு பெற்ற பாடசாலை அதிபர் என்று தொடங்கினார். அதிபர் என்ற சொல் காதில் விழுந்ததும் நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். போனில்தான், ஆனாலும் எழும்பிவிட்டேன். பத்தாம் வகுப்போடு நின்றவள் ஒரு அதிபரைப் பார்த்து பிளக் போட்டீர்களா என்று எப்படிக் கேட்பது? அந்தக் கேள்வியைத் தாண்டிப் போய், டைமரைத் திருப்பினீர்களா, அவசரத்துக்கு நிற்பாட்டுகிற சிவப்புப் பொத்தான் அமர்ந்தபடி கிடக்கிறதா என்று மற்ற எல்லாவற்றையும் மரியாதையாய்க் கேட்டேன். அவரும் எல்லாவற்றுக்கும் நிறுத்தி நிதானமாய்ப் பதில் சொல்லி, கட்டில் செத்துவிட்டது என்று முடித்தார்.

செல்வம் போய்ப் பார்த்தால் சுவரில் மாட்டியிருந்தது தூசி உறிஞ்சும் மெஷினின் பிளக். கட்டிலின் பிளக் நிலத்தில் கிடந்தது. பலகையில் முதல் சூரியன் உதித்தது. நான் வெட்கத்தோடு திரும்ப எடுத்து மன்னிப்புக் கேட்டேன். அதிபர் சொன்னார்: "நீங்கள் கேட்டிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். ஆனால் போய்ப் பார்த்திருப்பேன்."

பூனையின் கராஜ்

அதற்குப் பிறகு நான் ஒருவரிடமும் பிளக் போட்டிருக்கா என்று கேட்டதில்லை. பிளக்கைக் கழற்றி, அதன் கால்களில் தூசி இருக்கிறதா என்று ஒருமுறை ஊதிவிட்டுத் திரும்பப் போடுங்கள் என்பேன். சிலர் ஊதுவதற்குப் பிளக்கைத் தேடிப் போகும்போதே சத்தமில்லாமல் நன்றி சொல்லிப் போனை வைத்துவிடுவார்கள்.

ஒரு கொப்பியில் வருத்தங்களைத் தமிழில் எழுதி வைத்தேன். ஒரேயடியாய் எரியாவிட்டால் ஊமை. மினுங்கி மினுங்கி எரிந்தால் கண்வெட்டு. எரிந்துகொண்டிருந்து திடீரென்று நின்றால் காய்ச்சல். கதைக்கத் தெரியாத வயதில் இரண்டு பிள்ளைகளுக்கு வயிற்றுக் குத்தா காதுக் குத்தா என்று கண்டுபிடித்து வளர்த்தவளுக்கு இது பெரிய வித்தை இல்லை. எப்போது தொடங்கினது, எத்தனை நிமிடத்தில் வருகிறது, விட்டு விட்டு வருகிறதா, அவ்வளவுதான்.

கிரான்பேர்னில் இருந்து ஒரு அம்மா எடுத்தார். ஏழு நிமிடம் எரிகிறது, நின்றுவிடுகிறது, அரை மணித்தியாலம் போனால் திரும்ப எரிகிறது. காய்ச்சல்தான். மெஷின் கொதித்துத் தன்னைத் தானே நிற்பாட்டிக்கொள்கிறது. ஏன் கொதிக்கிறது? மூச்சு விட முடியவில்லை. வீட்டில் பிராணி இருக்கிறதா என்று கேட்டேன். வெள்ளைச் சடைப்பூனை ஒன்று, காற்று இழுக்கிற வலைக்குப் பக்கத்திலேதான் படுக்கை. பிளக்கைக் கழற்றிவிட்டு வலையைத் துப்புரவாக்கச் சொன்னேன். பத்து நிமிடத்தில் வந்து, இன்னொரு பூனை செய்யப் போதுமான மயிர் வந்தது என்றார். கட்டில் இருபது நிமிடமும் நிற்காமல் எரிந்தது. பயணமும் இல்லை, சூரியனும் இல்லை. இனிப் பூனையைக் கராஜுக்குள் விடாதீர்கள் என்றேன். அந்த அம்மா குரலைத் தாழ்த்தினார்: "கராஜ் பூனையின்ர. நாங்கள்தான் அதுக்குள்ள கட்டிலைக் கொண்டுபோய் வைச்சனாங்கள்."

காத்திருக்கும் நேரத்துப் பாட்டு

ஆட்கள் போனை வைத்துவிட்டுக் கராஜுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரும்வரைக்கும் எனக்கு வேலை இல்லை. அந்த நேரத்தில் வாய் தானாய்ச் சாமிப் பாட்டை முணுமுணுக்கத் தொடங்கிவிடும். வீட்டில் விளக்குக் கொளுத்தும்போது பாடுகிற அதே இராகம். போன் கேட்டுக்கொண்டிருக்கிறது என்பது எனக்கு நினைவில் இருக்காது. மல்கிரேவில் இருந்து எடுத்த ஒருவர் ஒரு நாள் போனவர் போனவர்தான், வரவேயில்லை. நான் முழுப் பாட்டையும் பாடி முடித்து, இரண்டாவதையும் தொடங்கிவிட்டேன். பிறகு என்னவோ தட்டுப்பட, "ஹலோ, கட்டிலைப் பார்த்தீர்களா?" என்று கேட்டேன். அவர் எப்போதோ திரும்பி வந்து, அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"கட்டில் கிடக்கட்டும்," என்றார். "அந்தக் காத்திருக்கிற பாட்டை முதல்ல இருந்து போடுங்கோ."

ஆடிக் குளிர்

ஆடி மாதம், இங்கே நல்ல குளிர்காலம், என்னைக் கவிழ்த்தது. டியூப் லைட் எரியவில்லை, பாதிதான் எரிகிறது, கண்வெட்டு என்று ஒரே கிழமையில் மூன்று பேர். மூன்றுக்கும் டியூப் போய்விட்டது என்று எழுதி செல்வத்தை அனுப்பினேன். செல்வம் மத்தியானம் போய்ப் பொத்தானை அமர்த்தினால் மூன்றும் கல்யாண வீடு மாதிரி எரிந்தன. பிறகுதான் விளங்கியது. ஆட்கள் போன் எடுத்தது விடியக் காலமை. கராஜ் குளிரில் டியூப்புகளும் எங்களைப் போலத்தான், எழும்ப மனம் வராது. வெயில் ஏறினதும் எழும்பிவிடும். ஒரு கிழமை, மூன்று சூரியன். முன்னம் இருந்த இரண்டோடு ஐந்து.

அன்று முதல் புதுக் கேள்வி ஒன்று சேர்த்தேன். கராஜுக்குள் நின்று "ஹா" என்று வாயால் ஊதுங்கள், புகை தெரிகிறதா? தெரிந்தால் பத்து மணி வரைக்கும் பொறுங்கள். அதற்கு ஒரு இளந்தாரி நடுங்கி நடுங்கிச் சொன்ன பதில் இது: "புகை தெரியுது, அதுக்குப் பின்னால கட்டில் தெரியேல்லை."

எச்சரிக்கை அட்டை

போன் எடுக்கிற ஒவ்வொருவருக்கும் தோல் புற்றுநோய் பற்றிய எச்சரிக்கையை வாசித்துக் காட்ட வேண்டும் என்பது ட்ரேசியின் கண்டிப்பான கட்டளை. அட்டையில் நாலு வரி. நான் நாலு வரியையும் வாசித்துவிட்டு என் பங்குக்கு, "கவனம் பிள்ளை, டொக்டரிட்டக் கேட்டனீங்களோ, வெளியில ஒரு நடை நடந்தாலே காணுமே" என்று இன்னும் நாலு வரி சேர்ப்பேன். ட்ரேசி ஒரு நாளும் தடுக்கவில்லை. சில பேர் கட்டிலை விற்றே விட்டார்கள், அதற்கும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாள் ஒரு பெண்பிள்ளை என்னுடைய எட்டு வரியையும் பொறுமையாய்க் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அம்மா, நீங்களா? நம்பர் மாத்திட்டீங்களா?"

அரம்

இது மட்டும் சிரிப்பில்லை, ஆனால் சொல்ல வேண்டும். பெரிய கட்டில்களின் பிளக்கில் கீழ்க்கால் மற்றவற்றை விட மொத்தமாய், தடிப்பாய் இருக்கும். அது சாதாரண வீட்டுச் சொக்கற்றுக்குள் போகாது. போகக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள், ஏனென்றால் அந்த வயர் இவ்வளவு மின்சாரத்தைத் தாங்காது. ஒரு பெண் எடுத்து, கட்டிலைப் போட்டால் சுவரில் கருகின மணம் வருகிறது என்றார். பிளக்கின் கீழ்க்கால் எப்படி என்று கேட்டேன். முந்தி மொத்தம், இப்போது ஒல்லி என்றார். எப்படி ஒல்லியானது? அவருடைய மனுசன் அரத்தை எடுத்து அராவி, பளபளப்பாய்ச் சரிப்படுத்தியிருக்கிறார்.

மெயின் போர்டில் அந்தச் சுவிட்சை இப்பவே விழுத்துங்கள், செல்வம் வரும்வரைக்கும் அதைத் தொட வேண்டாம் என்றேன். விழுத்திவிட்டேன் என்று அவர் சொல்லும்வரை போனை வைக்க விடவில்லை. செல்வம் போய்ப் புது வயர் இழுத்து, பெரிய சொக்கற் போட்டு, அராவின பிளக்கை வெட்டிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். அது வீண் பயணமே இல்லை. ட்ரேசி அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். அடுத்த நாள் அந்தப் பெண் திரும்ப எடுத்தார், குரலில் பெரிய யோசனை: "அரத்தை ஒளிச்சு வைச்சிட்டன். இப்ப அவர் டோஸ்டரைப் பார்த்துக்கொண்டு நிக்கிறார்."

இருபது நிமிடச் சத்தம்

ஒரு பெண் எடுத்து, கட்டிலில் இருந்து அறுக்கிற சத்தம் வருகிறது என்றார். தான் பாவிக்கும்போது வருவதில்லை, மனுசன் பாவிக்கும்போதுதான். தொடங்கி ஐந்து நிமிடம் போக ஆரம்பித்து, லைட் நிற்கும்போது தானும் நிற்குமாம். போனைக் கராஜ் கதவில் வைத்துக் கேட்கப் பண்ணினார். கர்ர்ர், பிறகு ஒரு சின்ன விசில். நான் கண்ணை மூடிக் கேட்டேன். காற்றாடியைச் சுழல வைக்கிற பெயரிங் தேய்ந்துவிட்டது, மனுசன் பாரமான ஆள், பாரம் அதை அமர்த்துகிறது. இதைவிடச் சரியாய் யார் சொல்வார்கள் என்ற பெருமையில் கதிரையில் ஒரு சுற்றுச் சுற்றினேன்.

செல்வம் புதுப் பெயரிங்கோடு போய், மனுசனைக் கட்டிலில் படுக்க வைத்துப் பரிசோதித்தார். ஐந்தாவது நிமிடம் சத்தம் தொடங்கியது. மூடியைத் தூக்கினார். மனுசன் வாயைத் திறந்தபடி நல்ல நித்திரை. இடையில் வந்த இரண்டோடு அது எட்டாவது சூரியன். செல்வம் வானில் ஏறும்போது அந்தப் பெண் பின்னாலே ஓடி வந்து கேட்டாராம்: "கொண்டு வந்ததுதானே, அதை அவருக்குப் பூட்ட ஏலாதா?"

கடலையும் பொட்டும்

ஒன்பதாவது சூரியன் ஒரு அற்ப விஷயத்தில் வந்தது, அதை விடுங்கள். புரட்டாதி பிறந்துவிட்டது. என் மூன்று மாதம் முடிய இரண்டு கிழமைதான். ஒவ்வொரு பின்னேரமும் ஆரணி போன் எடுத்து, "அம்மா, இண்டைக்கு எத்தனை சன்?" என்று கேட்பாள். நான் "ஒன்பதுதான் பிள்ளை" என்பேன், காய்ச்சல் அளக்கிற மாதிரி.

ஆயுத பூசைக்கு ட்ரேசியிடம் அனுமதி கேட்டேன். எங்கள் சனம் வேலைச் சாமான்களுக்கு ஒரு நாள் ஓய்வு கொடுத்துக் கும்பிடும் என்று விளங்கப்படுத்தினேன். அவர் ஓய்வு கொடுக்கவில்லை, கும்பிட விட்டார். விடிய முன்னமே சந்தனம் குழைத்துக் கொண்டுபோய் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். போன், மீற்றர், குறடு, செல்வத்தின் வான், என் கதிரையின் கை. அன்று கடையில் திருத்துவதற்கு ஒரு கட்டில் கிடந்தது. படுக்கிற கண்ணாடியைச் செல்வம் கழற்றிச் சுவரில் நெட்டாய்ச் சாத்தியிருந்தார். அதற்கும் வைத்தேன். படுக்கிறவரின் உடம்பில் ஒட்டக் கூடாதே என்று உள்பக்கம், என் நெஞ்சு உயரத்தில், நல்ல நடுவில், பெருவிரலால் ஒரு பெரிய சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம். பின்னேரம் செல்வம் அந்தக் கண்ணாடியைப் பூட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தார். பொட்டைக் கண்டவர்தான். வைத்த பொட்டைத் துடைக்க அவருக்கும் மனம் வருமா? பூசைக்குப் படைத்த கடலையை ட்ரேசி மூன்றாம் முறை அள்ளிக்கொண்டு கேட்டார்: "இந்தச் சாமான்களுக்குக் கிழமைக்கு ஒருக்கா ஓய்வு வேணாமா?"

வெள்ளை வட்டம்

ஆறாம் நாள் லொறேன் எடுத்தார். அறுபத்தெட்டு வயது, சோடியாய் ஆடுகிற நடனப் போட்டிகளுக்குப் போகிறவர். வருகிற சனிக்கிழமை போட்டி. சட்டைக்கு இடுப்பு வரைக்கும் முதுகு இல்லை. அந்த முதுகில், தோள் எலும்புகளுக்கு நடுவில், நிறம் பிடிக்காமல் ஒரு வெள்ளை வட்டம் விழுந்துவிட்டது, கட்டிலில் ஏதோ பழுது என்றார்.

கொப்பியை விரித்தேன். டியூப் ஒன்று எரியாவிட்டால் நீளமாய்க் கோடு விழும், வட்டம் விழாது. டியூப் எல்லாம் எரிகிறதா? எரிகிறது. முதுகில் பிளாஸ்டர் ஏதும் ஒட்டியிருந்தீர்களா? இல்லை. கண்ணாடி துப்புரவா? ஒவ்வொரு முறையும் தானே துடைப்பதாய்ச் சொன்னார். ஒரு வருத்தமும் பொருந்தவில்லை. வட்டமாய் வருகிற வருத்தமே என் கொப்பியில் இல்லை. பலகையைப் பார்த்தேன், ஒன்பது. இன்னும் நாலு நாள். "கட்டிலில் பழுதில்லை அம்மா, சும்மா பொறுத்துப் பாருங்கோ" என்று சொல்லி வைத்துவிட்டால் பயணம் இல்லை, கதிரை தப்பும். சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் லொறேன், இங்கே எல்லாரையும் கூப்பிடுகிற மாதிரி என்னையும் லவ் என்று கூப்பிட்டுச் சொன்னார்: "என்னில வயசு போகாமல் மிஞ்சினது முதுகு ஒண்டுதான் லவ். அதிலயும் ஓட்டை எண்டால் நான் எதைக் காட்டி ஆடுறது?"

பெருவிரல்

நானும் செல்வத்தோடு வானில் ஏறினேன். வழி முழுக்கப் பாட்டுத்தான், இந்த முறை உண்மையான பயத்தில். லொறேன் வீட்டுக் கராஜில் மூடியைத் தூக்கிக் கட்டிலைப் போட்டோம். நீல வெளிச்சத்தில், கண்ணாடிக்குக் கீழே, முதுகு படுகிற இடத்தில், நல்ல நடுவில் கறுப்பாய் ஒரு வட்டம் தெரிந்தது. நிற்பாட்டிவிட்டுக் குனிந்து பார்த்தேன். காய்ந்து இறுகின சந்தனம். மேலே குங்குமம். கண்ணாடியின் மேல் என் பெருவிரலை வைத்துப் பார்த்தேன். அளவு சரியாய்ப் பொருந்தியது.

செல்வம் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அவர் காதுக்குள் சொன்னார், "அக்கா, கண்ணாடி அழுக்குன்னு எழுதிட்டா முடிஞ்சுதுலா. அழுக்கும் ஒரு பழுதுதான. சூரியன் வராது." நான் சொன்னேன், "சந்தனத்தை அழுக்கு எண்டு எழுதிப்போட்டு, பின்னேரம் நான் எந்த முகத்தோட விளக்குக் கொளுத்துறது தம்பி?" அவர் கண்ணாடியைக் கழற்றித் தந்தார். பொட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிவிட்டு, ஈரத் துணியால் துடைத்தேன். லொறேனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இது எங்கள் வழக்கம், தொழில் நல்லாய் நடக்க வேண்டும் என்று சாமானுக்கு வைப்பது, வைத்தது நான், பிழை என்னுடையது. அவர் அதைக் கம்பனியின் தரப் பரிசோதனை முத்திரை என்று நினைத்து, மறையாமல் இருக்க வேண்டுமே என்று அந்த இடத்தை மட்டும் மெல்லமாய்த் துடைத்திருக்கிறார். திரும்பி நின்று, முகம் பார்க்கிற கண்ணாடியில் தன் முதுகைப் பார்த்தார். "அப்ப ஆறு நாளாய்ப் பூசை நடந்தது என்ர முதுகுக்கு," என்றார்.

பத்தாவது சூரியன்

கடைக்கு வந்ததும் நானே போய் வெள்ளைப் பலகைக்குப் பக்கத்தில் நின்றேன். நடந்ததைச் சொல்லி, பேனையை எடுத்து ட்ரேசியிடம் நீட்டினேன். எனக்குக் கீறத் தெரியும், ஆனால் கை வரவில்லை. ட்ரேசி பேனையின் மூடியைக் கழற்றினார். செல்வம் வெளியே போய் வானைத் துடைக்கத் தொடங்கினார்.

"கட்டில்ல பழுது இருந்ததா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "கட்டில்ல இருக்கக் கூடாதது ஏதும் இருந்ததா?" ஓம் என்றேன். "எங்க வைச்சு வந்தது?" இங்கே, இந்தக் கடையில் என்றேன். "ஆர் வைச்சது?" எங்கள் ஆள், நான்தான் என்றேன். அவர் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மேசையில் வெறுமையாய்க் கிடந்த கடலைப் பெட்டியைப் பார்த்தார். பிறகு பேனையை மூடிச் சட்டைப் பையில் செருகினார். "எங்கட ஆள் எங்கட கடையில விட்ட பிழையைத் திருத்தப் போனால் அது வீண் பயணம் இல்லை ரஞ்சி, வாரண்டி. வாரண்டிக்கு நான் சூரியன் கீறுறதில்லை."

மூன்றாம் இடம்

வெள்ளிக்கிழமை மூன்று மாதம் முடிந்தது. பலகையில் ஒன்பது. ட்ரேசி ஈரத் துணியால் அத்தனையையும் ஒரே இழுவையில் துடைத்தார். நான் எல்லாருக்கும் முன்னால், வெட்கமில்லாமல், கதிரையில் இரண்டு சுற்றுச் சுற்றினேன். ஆரணிக்குப் போன் எடுத்தேன். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அழுகிறாளோ என்று பார்த்தால் சிரிக்கிறாள். "சரி அம்மா," என்றாள், "கிறிஸ்மஸ் லீவுக்கு வாங்கோ, அந்தக் கதிரையையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

திங்கட்கிழமை முதல் போன் லொறேன். அட்டையை வாசிக்கத் தொடங்க முன்னமே நிற்பாட்டினார். சனிக்கிழமை அந்த வட்டத்தை மறைக்காமலே ஆடியிருக்கிறார். நடுவர்கள் அவர் திரும்புகிற ஒவ்வொரு முறையும் முதுகைத்தான் பார்த்தார்களாம். "மூண்டாம் இடம் லவ்," என்றார். "போன வருஷம் ஏழாம் இடம். அடுத்த முறை கொஞ்சம் பெரிசாய் வை."

ஊரார் கட்டில்களின் வருத்தத்துக்கெல்லாம் போனில் கேள்வி கேட்டுப் பிழைக்கிற நான், இப்போது ஒவ்வொரு நாளும் கதிரையில் இருக்க முன்னம் கேட்டுக்கொள்கிற முதல் கேள்வி, என் பெருவிரல் நேற்று எங்கெங்கே போய் வந்தது என்பதுதான்.